பட்டறை வாசலில் ஓர் ஆங்கிலச் சொல்

இரும்பையும் இணங்கவைக்கும் கைகளுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பட்டறை மேலாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த தொழிலாளத் தோழர்களே! வேலை உடுப்போடு வந்தமர்ந்திருக்கும் வீரத் தாய்மார்களே! தீப்பொறிக்கு அஞ்சாதவர்களே, நீண்ட பேச்சுக்கு மட்டும் அஞ்சுகிறவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆங்கில வாத்தியாரின் அன்பு வணக்கம்.

உங்கள் வாசல் பலகையில் ஒரு சொல் இருக்கிறது. கிராஃப்ட்! அதற்கு என்ன பொருள்? கைத்தொழில் என்கிறீர்களா? சரி. தேர்ந்த திறமை? அதுவும் சரி. அங்கே யாரோ "படகு!" என்கிறார். சபாஷ் ஐயா! நீரில் மிதப்பதும் கிராஃப்ட்தான். கூடவே ஓர் ஒலியைச் சேர்த்துக் கிராஃப்டி என்றால், தந்திரக்காரன்! மேலாளர் ஏன் என்னை முறைக்கிறார்? அகராதியைச் சொன்னேன் ஐயா, உங்களைச் சொல்லவில்லை.

அகராதி கிடக்கட்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுது. புது மீட்புப் படகு கடலில் இறங்கக் காத்திருக்கிறது. ஓட்டப்போகிறவர் என் அண்ணன். அடித்தகட்டை வெல்டிங் செய்து இணைத்தவர் என் அண்ணி. சோதனை முடிந்துவிட்டது, முத்திரையும் விழுந்துவிட்டது. வழியனுப்ப நானும் வந்து நிற்கிறேன்.

அண்ணி நேராக மேலாளரிடம் போனார். "சார், மூணாவது இணைப்பை வெட்டணும்."

"ஏம்மா, டெஸ்ட்ல பாஸ் ஆனதை நீயே வெட்டச் சொல்றியா?"

"கடைசி மூணு விரக்கடை மட்டும் அடுப்புல சூடா வச்ச வெல்டிங் ராட் இல்ல சார். கைப்பெட்டியில திறந்து கிடந்த ராட். எடுத்துட்டு வர சோம்பல்பட்டு அதையே போட்டுட்டேன். அதுல ஈரம் ஏறியிருக்கும். போடும்போதே சத்தம் மாறிச்சு. ஒண்ணுமில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

தோழர்களே, அதே வாரம்தான் முதல்நிலை வெல்டர் பட்டியல் தயாராகிறது. அதில் அண்ணியின் பெயர் இருந்தது. தன் வேலையை வெட்டி எடுத்தால் அந்த ஆண்டு பெயர் போய்விடும். இது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். படித்தவன் நான் என்ன செய்தேன்? வெட்கத்தோடு சொல்கிறேன், அவர் காதருகே போய், "அண்ணி, அதான் பாஸ் ஆயிடுச்சே, பேசாம இருங்க" என்றேன்.

அவர் திரும்பினார். "தம்பி, உங்க பேப்பர்ல தப்பு வந்தா சிவப்பு மையில திருத்திடுவீங்க. தண்ணியில என்னத்தைத் திருத்துறது?"

"அண்ணன் ஏறுறார்னுதானே பயப்படுறீங்க?"

"அவர் ஏறலைன்னா வேற யாரோ ஏறுவாங்க. அவங்களும் வீட்டுக்குத் திரும்பி வரணும்ல?"

வெட்டினார்கள். வெளியே மாசு மருவில்லாத இணைப்பு. உள்ளே பார்த்தால் கடுகு கடுகாக ஓட்டைகள்! அண்ணி முகமூடியை மாட்டிக்கொண்டு, சூடான ராடை எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார். மாலையில் படகு இறங்கியது. பட்டியலிலிருந்து பெயரும் இறங்கியது.

வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்தேன். கிராஃப்ட் என்ற சொல் பிறந்த காலத்தில், திறமை என்ற பொருளுக்கும் முன்பே, அதற்கு என்ன பொருள் தெரியுமா? வலிமை! அதன் உறவுச் சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதுதான் பொருள். எத்தனை ஆண்டுகள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்! சுத்தியல் தூக்கும் தோளின் வலிமை என்றல்லவா நினைத்திருந்தேன்! இரும்பைத் தூக்கவா வலிமை வேண்டும்? உலகமே சரி என்று முத்திரை குத்தியபின், "இல்லை, இது என் தவறு" என்று வாய்திறக்க அல்லவா வலிமை வேண்டும்! எனக்கு மெய்சிலிர்த்தது. சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

இன்று அண்ணியை மேடைக்கு அழைத்தேன். "எனக்கு ஷிஃப்ட் இருக்கு தம்பி, நீங்களே பேசிட்டு வாங்க" என்றுவிட்டார். கைதட்டாதீர்கள் தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள். இந்தச் சுவருக்குப் பின்னால் சீராக ஒரு சத்தம் வருகிறதே, கேட்கிறதா? அது அவர்தான். அந்தச் சத்தத்தை நம்பித்தான் என் அண்ணன் நாளையும் கடலுக்குப் போகிறார்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் கைகளுக்கு என் வணக்கம்!