நூறு கோடி கலரில் ஒரு யானை

ஹலோ... ஹலோ, அண்ணே, நான்தான்... வைக்காதீங்க. வைக்காதீங்கண்ணே, ரெண்டே நிமிஷம்... யானைப் புத்தகத்துக்குப் படம் வரையறவதான். வேற எத்தனை யானைக்காரி உங்களுக்கு போன் பண்றாங்க?

...மேடமா? சரி. ஆறு வருஷமா "என்னம்மா"ன்னு கூப்பிட்ட வாய், போன மாசத்துலேர்ந்து மேடம். நியாயம்தான்.

...இல்ல, சண்டைக்கு இல்ல. ...ஆமா, போன தடவையும் அப்படிச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன். இந்தத் தடவை நிஜமாவே சண்டைக்கு இல்ல. புது லேப்டாப் ஒண்ணு வாங்கியிருக்கேன். அதைச் சொல்லலாம்னு...

ஹலோ?... ஹலோ?... ஓ, இருக்கீங்களா. கட் பண்ணிட்டீங்களோன்னு நினைச்சேன்.

என்ன சத்தம் அங்க, சர்ரு சர்ருன்னு?... டேப்பா? நீங்க எதுக்கு டேப் ஒட்டறீங்க? ...பேக்கிங்லயா? அப்ப அச்சகத்துல கலர் மெஷினை யாரு பார்க்கறா? ...எப்போலேர்ந்து? ...ம். என் லெட்டர் வந்த மறுநாள்லேர்ந்து. ...சரி.

...இல்லண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. "மை கலக்குபவரின் கண்ணைப் பரிசோதிப்பது நல்லது"ன்னு எழுதினேன், ஒத்துக்கறேன். கோவத்துல எழுதினது. முதலாளி அதை வேதவாக்கா எடுத்துக்குவாருன்னு... ம். ம். இருபத்திரண்டு வருஷம். தெரியும். ...தெரியும்ணே.

...லேப்டாப்பா? ஆமா, சொல்ல வந்தேன். அதை மொதல்லேர்ந்து சொல்லணும். எதுக்கு வாங்கினேன்னா... உள்ளதைச் சொல்லிடறேன். உங்களைத் தோக்கடிக்க வாங்கினேன். ...ஆமா, உங்களைத்தான். நான் சாம்பல் கலர்ல யானை அனுப்பறேன், நீங்க நீல யானையா அச்சடிச்சுத் தர்றீங்க. நாலு புத்தகம், நாலுலயும் நீல யானை. கேட்டா, "ஃபைல்லயே அப்படித்தாம்மா இருக்கு"ன்னு ஒரே பாட்டு. அதான், இருக்கறதுலயே நல்ல ஸ்கிரீனா ஒண்ணு வாங்கி, தூக்கிட்டு வந்து, உங்க மெஷின் பக்கத்துல வச்சு, எல்லார் முன்னாடியும் உங்க மானத்தை வாங்கறதுன்னு திட்டம்.

...ரொம்ப நாள் தேடினேன். பொண்ணு பார்க்கற மாதிரி பார்த்தேன். கடைக்காரரு என்ன வேலைக்குன்னு கேட்டாரு. யானை வரையறதுக்குன்னேன். ஒரு யானையா, நிறைய யானையான்னாரு. கூட்டமா வரும்னேன். அப்போ முப்பத்திரண்டு ஜிபி வேணும்னாரு. "இந்த ஸ்கிரீன் நூறு கோடி கலர் காட்டும்மா"ன்னு பெருமையா சொன்னாரு. எனக்கு சாம்பல் ஒண்ணு போதும்னேன். அவரு சிரிக்கலை. ...நீங்களும் சிரிக்கலை. சரி.

...வேகமா? வேகத்துக்கென்ன குறை. பழசுல ஒரு யானை திறக்கறதுக்குள்ள துணி துவைச்சுக் காயப்போட்டுட்டு வந்துடலாம். இதுல தொட்டா வந்து நிக்குது. யோசிக்கவே நேரம் குடுக்கலை. மொத வேலையா நாலாவது புத்தகத்து யானையைத்தான் திறந்தேன்...

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

...நீலம்.

...ஆமா. நீல யானை. ...நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நான் முடிச்சுடறேன். லேப்டாப் பழுதுன்னு நினைச்சேன். வேற என்ன நினைப்பேன்? கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். கலர் சரியில்ல, மாத்திக் குடுங்கன்னேன். வேற ஒண்ணு பிரிச்சாரு, அதுலயும் நீலம். உங்க சரக்கே மொத்தமா மோசம்னேன். மனுஷன் பொறுமைசாலி. கடைல வெளிய வச்சிருந்த அத்தனை லேப்டாப்லயும் என் யானையைத் திறந்து வச்சாரு. வரிசையா ஏழு. ஏழு நீல யானை, தும்பிக்கையைத் தூக்கிட்டு என்னையே பார்த்துட்டு நிக்குது. சார்ஜர் வாங்க வந்த ஒரு பொண்ணு, "அழகா இருக்கு ஆன்ட்டி, ஏன் நீலம்?"னு கேக்குது.

...எங்க? அப்பவும் ஒத்துக்கலை. எல்லாக் கம்பெனியும் கூட்டுக் களவாணின்னு சொல்லிட்டு வந்துட்டேன். ...ஆமா, எனக்கு அவ்வளவு சுலபமா புத்தி வராது.

எங்க வீட்டுக்காரர்தான்... ம், நல்லா இருக்காரு. முந்தாநேத்து பக்கத்துல வந்து நின்னாரு. புது ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "என்னம்மா இப்படிக் கூசுது, பழசுல போட்டு விட்ட மாதிரி இதுலயும் போட்டு விடட்டுமா?"ன்னாரு. எதைன்னேன்.

...கேளுங்கண்ணே. அந்தப் பழைய லேப்டாப் வாங்கின மொத வாரம், கண்ணு எரியுதுன்னு சொன்னேனாம். இவரு உள்ள போய் எதையோ தட்டி, ஸ்கிரீன் முழுக்க மஞ்சள் வெளிச்சம் வர்ற மாதிரி மாத்தி விட்டிருக்காரு. கண்ணுக்கு இதமாம். என்கிட்ட சொல்லலை. சின்ன உதவி, சொல்லிக்காட்டக் கூடாதாம். ஆறு வருஷம்.

...அதேதான். சாம்பல் போட்டா எனக்கு மஞ்சளடிச்சுத் தெரியும். அந்த மஞ்சளைக் கொல்ல நீலத்தை ஊத்துவேன். என் கண்ணுக்கு சாம்பல் ஆகற வரைக்கும் ஊத்துவேன். உங்ககிட்ட வரும்போது... ஆமா. புல்லு, வானம் எல்லாத்துலயும் நீலம் கூடத்தான் போயிருக்கு. அதையெல்லாம் யாரும் கேக்கலை. யானை மட்டும் மாட்டிக்கிச்சு.

...போன்ல பார்த்திருக்கலாமேன்னா? போன்லயும் போட்டு விட்டிருக்காரு. பாரபட்சம் பார்க்கறவர் இல்ல.

...பதிப்பாளர் கண்டுபிடிக்கலையான்னா? அவருக்குக் கலரைப் பத்தி என்ன தெரியும்? சட்டை எடுக்கவே வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போறவரு. நான் சொன்னதை நம்பினாரு. இன்னிக்குக் காலைல அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.

...இல்ல, வீட்டுக்காரரைத் திட்டலை. எப்படித் திட்டறது? என் கண்ணு நல்லா இருக்கணும்னு செஞ்ச மனுஷன். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க கண்ணுக்குத்தான்...

ம்.

...யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லாதீங்க. யானை ஒண்ணும் பண்ணலை. நான்தான்.

...எப்போ சொன்னீங்க? ...ரெண்டாவது புத்தகத்தப்போ, ஆமா, சரிபார்க்கற ப்ரூஃப் தாளோட வீட்டுக்கு வந்தீங்க. ஞாபகம் இருக்கு. ஸ்கிரீனை எட்டிப் பார்த்துட்டு, "மஞ்சளா இருக்கேம்மா"ன்னீங்க. ...ஆமா. ...ஆமாண்ணே, சொன்னேன். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்"னேன். கூட வந்த பைண்டர் சிரிச்சாரு. எனக்கும் அன்னிக்குப் பெருமையா இருந்துச்சு, எப்படிச் சட்டுன்னு வாயில வந்துச்சேன்னு.

...என்ன சொல்றீங்க? கண் டாக்டர்கிட்டயா? முதலாளி அனுப்பினாரா? ...நீங்களாவேவா. ...என்ன சொன்னாங்க? ...ஒரு குறையும் இல்லல்ல. பின்ன என்ன?

...அண்ணே.

...காலைல சட்டையை எடுத்தா, இது பச்சைதானான்னு பொண்ணுகிட்ட கேக்கறீங்களா? ...டாக்டர் சொன்னப்புறமுமா? ...அவளும் சலிக்காம சொல்றா. ...ம். ...டேப்பைக்கூடவா? ரோல் எடுக்கும்போது, இது என்ன கலர்னு பக்கத்துல இருக்கறவரைக் கேட்டுட்டா?

...இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

நான் சொல்றதைக் கேளுங்கண்ணே. தப்பு என் மேல. முழுசா என் மேல. ...பரவால்லன்னு சொல்லாதீங்க, பரவாயிருக்கு. எனக்கு வெட்கமா இருக்கு. ரெண்டு நாளா போனைக் கையில எடுக்கறேன், வைக்கறேன். ஒரு மன்னிப்புக்கு இவ்வளவு பெரிய லேப்டாப் கதை எதுக்குன்னா, வாய் வரலை. அதான் ஊரைச் சுத்திட்டு வந்தேன்.

...முதலாளிக்கு இன்னொரு லெட்டர் போடறேனே? ...ஏன்? ...படிச்சு டிராயர்ல வச்சிடுவாரா? முந்தின லெட்டரை மட்டும் என்ன பண்ணாராம்? ...மெஷின் ஹால்ல வச்சா? ...எல்லாரையும் கூப்பிட்டு, சத்தமா?

...ம்.

சரி, எழுந்திரிங்க. டேப்பைக் கீழ வைங்க. ...வைங்கண்ணே, டப்பா எங்கயும் ஓடிப் போயிடாது. அதே ஹாலுக்கு நடங்க. போனைக் கட் பண்ணாம. ...முதலாளி ரூம்ல இருந்தா அவரையும் கூப்பிடுங்க. ...கூச்சமா? உங்களுக்கு என்ன கூச்சம், கூசவேண்டியவ நான். நடங்க.

...வந்தாச்சா? ஸ்பீக்கர்ல போடுங்க.

ஹலோ! ...சார், வணக்கம். ஆமா, யானைக்காரிதான். மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்? ...ஒரு நிமிஷம் போதும் சார். அவசர ஆர்டர்தான், தெரியும். இதுவும் அவசரம்தான். ...நன்றி.

எல்லாருக்கும் கேக்குதா? ...போன மாசம் ஒரு லெட்டர் எழுதினேன். அதை இங்க வச்சுப் படிச்சீங்கன்னு கேள்விப்பட்டேன். அதுல அண்ணனோட கண்ணு சரியில்லங்கற மாதிரி எழுதியிருந்தேன். அது தப்பு. என் ஸ்கிரீன்தான் சரியில்ல. ஆறு வருஷமா சரியில்ல. நாலு புத்தகத்துக்கும் நான் அனுப்பினதே நீல யானைதான். அவரு நான் அனுப்பினதை அப்படியே அடிச்சுக் குடுத்தாரு. அவரு ஒருத்தர்தான் என்கிட்ட விஷயத்தையும் சொன்னாரு. நான் காது குடுக்கலை. ...ஆமா சார், எழுதியும் தர்றேன். அதையும் அந்த லெட்டர் மாதிரியே சத்தமா படிச்சுடுங்க.

...இல்ல சார், இன்னும் முடிக்கலை. அண்ணே, நாலாவது புத்தகத்துத் தாள் அங்க எங்கயாவது கிடக்கும் பாருங்க. கழிச்சுப் போட்டதா இருந்தாலும் சரி... கிடைச்சுச்சா? யானை இருக்கா அதுல? ...ஜன்னல் பக்கம் போங்க. வெளிச்சத்துல பிடிங்க.

என்ன கலர்?

...அவங்களை ஏன் பார்க்கறீங்க? ...எனக்குத் தெரியும், பார்ப்பீங்கன்னு. யாரையும் கேக்க வேணாம். நீங்க சொல்லுங்க. ...கேக்கலைண்ணே. சத்தமா.

...ஆமா. நீலம்.

...நீலமேதான்ணே. நீங்க பார்த்தது சரி. மொத நாள்லேர்ந்து சரி.

...ஹலோ? ...ஹலோ? ...யாரு, பைண்டரா? அண்ணன் எங்க? ...கலர் மெஷின்கிட்டயா? ...ஒண்ணும் கேக்கலை, மெஷின் சத்தம்... இல்ல, வேணாம், கூப்பிடாதீங்க. அவரு வேலையைப் பார்க்கட்டும்.