ரெண்டு மெஷின்

— அது இல்லைடி நான் கேக்கிறது. துணி காஞ்சே வந்துடுமா, இல்லை ஈரமா வருமா?

— முக்கால்வாசி காஞ்சு வரும். கொடியில கொஞ்ச நேரம் காத்து பட்டா போதும். எத்தனை தடவைதான்க்கா கேப்பே? நேத்து வீட்டுக்கு வந்தப்பவே மூடியைத் திறந்து திறந்து பார்த்தியே.

— பார்க்கக் கூடாதா? கூடப் பிறந்தவ வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்திருக்கு, பார்க்கத்தான் வந்தேன்.

— பார்த்தே, சரி. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வந்துச்சா வாயில? கதவு இடிக்குது, தண்ணி ரொம்பக் குடிக்கும், சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்னு சொல்லிட்டுப் போனே.

— உள்ளதைத்தானே சொன்னேன். மூலையைப் பிடி. இழுத்துப் பிடிடி, பச்சைப் பிள்ளைக்குப் போத்திவிடற மாதிரி பிடிக்கிறே.

— நான் சரியாத்தான் பிடிக்கிறேன். உனக்குத்தான் கை விட்டுப்போச்சு. ஒரு வருஷமா நாற்காலியில உக்காந்து உக்காந்து பெட்ஷீட் மடிக்கிறதே மறந்துட்டே.

— உனக்கு மடிக்கக் கத்துக் கொடுத்ததே நான்தான். என்னைப் பார்த்து மறந்துட்டேங்கிறே.

— ஆமாமா. இன்னைக்கு என்கூட மடிக்கிற என் ஜோடி மட்டும் வந்திருந்தா இந்நேரம் பாதி வண்டித் துணியைக் கட்டியிருப்போம். லீவு சொல்லாம நிக்க மாட்டாளே அவ. காய்ச்சலோ என்னவோ.

— ஆஸ்பத்திரித் துணி எடுக்க மதியம் வண்டி வந்து நிக்கும். பேசாம மடி.

— சூப்பர்வைசரம்மா உத்தரவு. இடுப்புல சாவி குலுங்கக் குலுங்க மடிக்கிறியே, கழட்டி வெச்சுட்டு மடியேன்.

— இந்தச் சாவி மேல உனக்கு என்னடி அப்படி ஒரு கண்ணு?

— எனக்கு எதுக்குக்கா? நீ வர்றது அந்தச் சத்தத்துலதான் எங்களுக்குத் தெரியும். உடனே பேச்சை மாத்திடுவோம். அந்த வகையில உபயோகமாத்தான் இருக்கு.

— வயித்தெரிச்சலை மறைக்கக்கூடத் தெரியலை உனக்கு.

— உனக்கு மட்டும் தெரியுதாக்கும். நேத்து வாசல் தாண்டறதுக்குள்ள என் பையன் கேட்டான், பெரியம்மா ஏம்மா மெஷினை முறைச்சுப் பார்த்துட்டே போறாங்கன்னு.

— அவன் உன்னை மாதிரி. வாய் எட்டு ஊருக்கு நீளும்.

— சரி, அதை விடு. அந்தப் பெரிய மெஷின் எப்போ வருதாம்?

— எந்த மெஷின்?

— தெரியாத மாதிரிக் கேக்காதே. மடிக்கிற மெஷின். பின்பக்கச் சுவரை இடிச்சு இடம் பண்ணி வெச்சிருக்காங்களே.

— அடுத்த வாரம் வரும். இந்தப் பக்கம் ஈரத்துணியை விட்டா, அந்தப் பக்கம் இஸ்திரி போட்டு, மடிச்சு, அடுக்கியே கொடுத்துடுமாம்.

— மடிக்கிற நாங்க நாலு பேரு என்ன பண்றது?

— ஒருத்தர் போதுமாம். துணியை எடுத்து விடறதுக்கு.

— மத்த மூணு பேர்?

— மாசக் கடைசி வரைக்கும்தான். நான் என்னடி பண்ணுவேன், நானா மெஷின் வாங்கினேன்?

— அந்த ஒருத்தர் யாருன்னு உன்னைத்தான் கேப்பாராமே மானேஜர்.

— யார் சொன்னா?

— இங்க யாருக்குத்தான் தெரியாது. அக்கா, என் பேரைச் சொல்லிடுக்கா.

— மூலையைப் பிடி.

— பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். சொல்வியா?

— உனக்கு என்னடி குறை? வீட்டுலயே மெஷின் ஓடுது.

— அதை ஓட்ட கரண்ட் பில் கட்டணுமே. எங்க வீட்டுக்காரருக்கு முதுகு போனதுல இருந்து நான் ஒருத்திதானே சம்பாதிக்கிறேன். இந்த வேலையும் போச்சுன்னா அந்த மெஷினுக்குள்ளதான் குடித்தனம் பண்ணணும்.

— வாங்கறப்போ யோசிச்சிருக்கணும்.

— என் சம்பளத்துல வாங்கினதா அது? வருஷம் பூராச் சம்பளத்துல பிடிச்ச வரி திரும்பி வந்துச்சு, மேல கவர்மெண்ட் சலுகைப் பணமும் வந்துச்சு. ஊருத் துணியெல்லாம் இங்க துவைச்சுட்டு, வீட்டுல போய்க் கல்லுல அடிச்சுத் துவைக்கிறேனே, ஒரு தடவையாவது எனக்குன்னு வாங்குவோம்னு வாங்கினேன். அது உனக்குப் பொறுக்கலை.

— பொறுக்கலைதான். சொல்றதுக்கு என்ன வெக்கம். உனக்கு வந்துச்சு, எனக்கு வரலையே. ஒரே ஆலை, ஒரே தண்ணியில நிக்கிறோம். நான் உனக்கு மேல வேலை பார்க்கிறேன். உன் வீட்டுக்குப் பணம் வருது, என் வீட்டுக்குக் காத்து வருது.

— ஏன் வரலைன்னு விசாரிச்சியா?

— வரி ஆபீஸ்ல போய்க் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு, சிரிச்சுக்கிட்டே சொல்லுது, நீங்க கோட்டைத் தாண்டிட்டீங்கம்மான்னு. எந்தக் கோடும்மான்னேன். வருமானக் கோடாம். அதுக்குக் கீழே இருந்தா ஏழை, எல்லாம் திரும்பி வரும். ஒரு சல்லிக்காசு மேல போயிட்டா ஒண்ணும் கிடையாது. நான் இப்போ ஏழை இல்லையாம். வாழ்த்துக்கள்னு வேற சொல்லுச்சு.

— மூலையைப் பிடிச்சுக்கோக்கா.

— சூப்பர்வைசர்னு கூடக் கொடுத்தது ஒரு கைப்பிடி. அதனால போனது மூட்டை. மேல தூக்கி விடறாங்கன்னு நெனச்சேன், காலுக்குக் கீழே இருந்த பலகையை உருவியிருக்காங்க. பொண்ணு பல்லுக்குக் கட்டின கம்பி பாதியில நிக்குது. பணம் கட்டினாத்தான் முறுக்குவேங்கிறார் பல் டாக்டர். அவ இப்போ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

— அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். சொன்னேன், அவ்வளவுதான். துணியை உதறு.

— இந்தப் பெரிய மெஷினுக்கு மட்டும் பணம் எங்க இருந்து வந்துச்சாம்?

— நல்லாக் கேட்டே. மானேஜர் போன்ல பேசிட்டு இருந்தார். மெஷின் வாங்கின விலையை முதலாளி வரியில கழிச்சுக்கலாமாம். தொழிலை வளர்க்கிறவங்களுக்கு கவர்மெண்ட் கொடுக்கிற சலுகையாம்.

— மூணு பேரை வீட்டுக்கு அனுப்பறதுக்குப் பேரு தொழிலை வளர்க்கிறதா?

— அது என்னமோ. பெரிய படிப்புப் படிச்சவங்க பேரு வெச்சிருக்காங்க.

— நான் என் மெஷினை வாங்கினப்போ கடைக்காரர் விலைக்கு மேல வரி போட்டார். கூட வாங்கின சோப்புத் தூளுக்கும் வரி. எனக்கு யாரும் ஒண்ணும் கழிக்கலை. அவர் மெஷின் வாங்கினா கவர்மெண்ட் அவருக்குக் கொடுக்குது, நான் மெஷின் வாங்கினா நான் கவர்மெண்ட்டுக்குக் கொடுக்கிறேன்.

— சோப்புத் தூளுக்கு முதலாளி வீட்டுலயும் அதே வரிதான்டி.

— ஆமா, அதுல மட்டும் நம்மளை அவரோட சரிசமமா உக்கார வெச்சுடுவாங்க. ஏன்க்கா, இவ்வளவு தெரிஞ்சும் அவர் மேல உனக்கு எரியவே இல்லையா?

— இல்லைடி. அதான் எனக்கே ஆச்சரியம். அவர் காரு வந்து நின்னா, போய்க் கதவைத் திறந்து விடுவோமான்னுதான் தோணுது. அவ்வளவு உயரத்துக்கு என் வயித்தெரிச்சல் எட்டாது போல. உன் வீட்டு வாசல் வரைக்கும்தான் எட்டுது.

— நல்லா இருக்கு உன் நியாயம்.

— நேத்து உன் வீட்டுல இருந்து போய், ஊற வெச்ச துணியை எல்லாம் எடுத்து அடிச்சேன். அடிக்க அடிக்க உன் மெஷின்தான் கண்ணு முன்னால சுத்துது. விரல் இடுக்கெல்லாம் சோப்புல அரிச்சுப் போய், ராத்திரி பூராத் தூக்கம் இல்லை. நான் மேல போயும் கீழே இருக்கேன், இவ கீழே இருந்தே மேல போயிட்டாளேன்னு.

— இவ்வளவு ஆத்திரத்தை வெச்சுக்கிட்டு நீ எங்க என் பேரைச் சொல்லப் போறே.

— நான் என்ன சொன்னேன், என்ன சொல்லலைன்னு இப்போ பேச வேண்டாம். இந்தக் கட்டை முடி.

— நீ சொல்லித்தான் ஆகணும். எனக்கு நீ கடமைப்பட்டிருக்கே.

— நானா? உனக்கா? எந்த வகையில?

— நீ இப்போ உக்காந்திருக்கிற நாற்காலிக்கு மானேஜர் முதல்ல கூப்பிட்டது என்னை.

— என்னடி உளர்றே?

— உண்மையைத்தான் சொல்றேன். நீ வேணும்னா போய்க் கேளு. என்னைத்தான் கூப்பிட்டார். எனக்கு வேண்டாம் சார், எங்க அக்கா என்னை விடப் பொறுப்பா இருப்பா, அவளுக்குக் கொடுங்கன்னு உன் பேரைச் சொன்னது நான்.

— என்னைப் பார்த்துத்தான் கொடுத்தார்னு நெனச்சேன். பத்துப் பேருக்கு நடுவுல என் வேலைதான் கண்ணுல பட்டுச்சுன்னு வீடு வீடாச் சொல்லிட்டு வந்தேன்.

— தெரியும். என் வீட்டுக்கும் வந்து சொன்னியே.

— நீ விட்டுக் கொடுத்ததா இது?

— ஆமா. அதுக்காகவாவது இன்னைக்கு என் பேரைச் சொல்லு.

— இவ்வளவு பாசம் வெச்சிருக்கியாடி என் மேல? நான் ஒண்ணு தெரியாம… சரி. இரு. முகத்தைத் துடைச்சுக்கிறேன்.

— அதெல்லாம் ஒண்ணும் இல்லை. மூலையைப் பிடி.

— ஆனா ஒண்ணு புரியலை. சாவி மேல இவ்வளவு கண்ணு உனக்கு. கூப்பிட்டுக் கொடுத்தப்போ ஏன் வேண்டாம்னே?

— வேண்டாம்னு தோணுச்சு.

— நான் சூப்பர்வைசர் ஆகறதுக்கு முந்தின வருஷம் உனக்கு வரிப் பணம் வரலைன்னு அழுதியே. ஏன்னு கேட்டதுக்கு ஆபீஸ்ல ஏதோ தப்புன்னு சொன்னே.

— ஆமா, சொன்னேன்.

— அந்த வருஷம்தானே என் ஞாயித்துக்கிழமை வேலையெல்லாம் நீ பார்த்தே? நான் பொண்ணைப் பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போக, எனக்குப் பதிலா நீ வந்தே.

— நீதான் என் தலையில கட்டினே.

— கூடுதல் கூலி வந்திருக்கும். ஆபீஸ் தப்பு எல்லாம் இல்லை. நீ கோட்டைத் தாண்டியிருக்கே. அப்போ கோடு இருக்கிறது உனக்கு முன்னாடியே தெரியும்.

— அக்கா, மானேஜர் மேல நின்னு பார்க்கிறார். மடி.

— பார்க்கட்டும். சம்பளம் கூடினா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் நீ வேண்டாம்னே. தெரிஞ்சுதான் என் பேரைச் சொன்னே.

— ஆமா. தெரிஞ்சுதான் சொன்னேன். போதுமா?

— ஏன்டி?

— ஏன்னா உன் ஞாயித்துக்கிழமையை நான் உழைச்சேன். அதனால என் பணம் போச்சு. உன் பணம் முழுசா வந்துச்சு, உன் பொண்ணு வாயில கம்பியா மின்னுச்சு. அவ சித்தின்னு சிரிச்சுக்கிட்டு ஓடி வர்றப்பல்லாம் என் பையனோட கோணல் பல்லு என் கண்ணுல குத்தும். நான் வளர்த்த பிள்ளைதான் அவளும். அவ சிரிக்கிறதையே பார்க்கப் பிடிக்காமப் போச்சு எனக்கு. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் உனக்கும் எரியட்டும்னு சொன்னேன். அவ வாயைப் பொத்திக்குவான்னு நான் நெனைக்கலை.

— துணியை உதறு.

— திட்டவாவது திட்டுக்கா. அறையணும்னா அறை, வாங்கிக்கிறேன். நான் பண்ணது தப்பு. ஆனா என் வீட்டுல ரெண்டு பேரு என்னை நம்பி இருக்காங்க. மானேஜர் கேக்கிறப்போ என் பேரை மட்டும் சொல்லிடு.

— ஓரத்தை மடக்கு. நல்லா அழுத்து. இன்னும் ஒரு மடிப்பு. கட்டு மேல வை.

— வெச்சாச்சு. சொல்வியா?

— மானேஜர் இனிமே கேக்க மாட்டார். காலையில, நான் பையைக்கூட வைக்கலை, கூப்பிட்டுக் கேட்டுட்டார். ராத்திரியெல்லாம் துணி அடிச்ச கை, எரிஞ்சுட்டே இருந்துச்சு.

— என்ன சொன்னே?

— ஒரு மணி நேரத்துல மனசு கேக்கலை. மாத்திச் சொல்லிடலாம்னு ரெண்டு தடவை படியேறினேன். கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். அப்புறம் இங்க வந்து உன் எதிர்ல நின்னு மடிக்க ஆரம்பிச்சேன்.

— அக்கா, யார் பேரைச் சொன்னே?

— உன் ஜோடிக்குக் காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லைடி. புது மெஷினை ஓட்டக் கத்துக்க, காலையிலேயே மெஷின் கம்பெனிக்குப் போயிருக்கா.