முன்வாசலால போனவ

ஷார்ஜாவின் ரோலாவிலிருந்து துபாய்க்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சாதாரணக் குரலில் சொன்னார்:

"கனடாவில எங்கட பெரியக்கா கஞ்சா வாங்கக் கடைக்குப் போறவ."

"மெல்லக் கதையும். எங்க இருக்கிறம் எண்டு தெரியுமே?" என்றார் மற்றவர்.

"அங்க அது சட்டப்படி விக்கிற சாமான். முழங்கால் நோவுக்கு எடுக்கிறவ."

"வீட்டுக்கே கொண்டுவந்து தருவினமாமே?"

"அக்காவின்ர மருமகளும் அதைத்தான் சொன்னவள். கடை வாசல்ல தமிழ் ஆக்கள் கண்டா மானம் போயிடுமாம். 'நானென்ன களவெடுக்கிறனோ?' எண்டு கேட்டிட்டு, அக்கா சீலை உடுத்து, பொட்டும் வைச்சு, முன்வாசலால போனவ."

"ஆரும் காணேல்லையோ?"

"கோயில்ல பழகின மனுசி ஒருத்தி கண்டிட்டா. 'இஞ்ச என்ன செய்யிறியள்?' எண்டு கேட்டவவாம். 'கஞ்சா வாங்க வந்தனான். உங்களுக்கும் முழங்கால் நோதானே, உள்ளுக்கு வாங்கோவன்' எண்டு அக்கா சொல்லியிருக்கிறா."

மற்றவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மனுசி என்ன செய்தவ?"

"உள்ளுக்குப் போனவ. இப்ப ரெண்டு பேரும் ஒண்டாத்தான் கடைக்குப் போகினம். மருமகள் இன்னும் வீட்டுக்கு எடுப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்."