அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்

வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன், ஐயா. திரையிலும் அப்படித்தான், ஒரு எச்சரிக்கைகூட மிச்சம் இருக்கக் கூடாது எனக்கு.

நோயாளியின் ரத்தக் குழாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவிக்கு சி மொழியில் நிரல் எழுதியவன் நான். உள்ளே போன சொட்டுகளின் கூட்டுத்தொகையைச் சின்ன இன்டில், அதாவது சிறிய எண் மட்டுமே கொள்ளும் இடத்தில், வைத்தேன். அந்தச் சில்லில் இடம் குறைவு. பெரிய எண்ணைச் சின்னதில் திணிக்கிறாய் என்று, நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் திரையில் எச்சரித்து முணுமுணுத்தது. காஸ்ட் என்று ஒன்று உண்டு. எனக்குத் தெரியும், நீ சும்மா இரு என்று கம்பைலருக்குச் சொல்வது. அதைப் போட்டு வாயை அடைத்தேன்.

கருவி நாள்கணக்கில் நிற்காமல் ஓடினால் அந்தத் தொகை கொள்ளளவைத் தாண்டி மைனஸுக்குப் போய்விடும். மருந்தே போகவில்லை என்று நினைத்துக் கருவி மடமடவென்று செலுத்தும். விற்ற பிறகுதான் கண்டுபிடித்தேன். புதிய கருவிகளில் சத்தமில்லாமல் திருத்தினேன். பழையவற்றைத் திரும்பப் பெறச் சொன்னால் என் தலை உருளும். சொல்லவே நாக்கூசுகிறது, வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் என் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலருகே என் பழைய கருவி. தினமும் காலையில் போய் அதை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டேன். தொகை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஆபத்தில்லை.

"என்ன சார், கை சும்மா இருக்காதா?" என்றாள் நர்ஸ்.

"பழக்கம் சிஸ்டர்."

அடுத்த கட்டிலில் ஒரு தையல்காரர், அதே கருவியோடு. எங்களுக்கு முன்னாலேயே வந்தவர். அவர் மனைவிக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

"மாமனாரை இப்படித் தாங்குற மருமகனை நான் பார்த்ததே இல்ல தம்பி. எங்க மெஷினையும் ஒரு தடவ அணைச்சுப் போடுங்களேன், புண்ணியமாப் போகும்."

ஒன்றைத் தொட்டால் பழக்கம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டைத் தொட்டால் ஏன் என்று கேட்பார்கள். "அது நர்ஸ் வேலைம்மா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் போனபோது அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ்தான் அளவைத் தப்பாக வைத்துவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். கம்பெனி சார்பில் கருவியைச் சோதித்து, கோளாறில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். அவள் வேலை போயிற்று. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை ஐயா, வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

தையல்காரரைக் கொன்றது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. அது நர்ஸ் வேலைதான்.