ஏத்துறேன்னு சொன்னேன்

இல்ல ரமிரோ, நான் சொன்னேன். காயினைப் போடுறதுக்கு முன்னாடியே சொன்னேன். ஏத்துறேன். ஒரே ஒரு வார்த்தை. பொறுமையாத்தான் பேசுறேன் தம்பி, இன்னும் கத்த ஆரம்பிக்கல.

மேனேஜர்னு உன்னைக் கூப்பிட்டாச்சு, முழுசாக் கேளு. போக்கர் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகல. இந்தா, இந்தத் தொப்பிக்காரர் பூன் முதல்ல அம்பது கட்டி உள்ள வந்தாரு. அடுத்து நான். சீட்டோட நுனியத் தூக்கிப் பாத்தேன். பாத்ததும்... சரி சரி, கையில என்னன்னு சொல்லக் கூடாது, தெரியும். ஆயிரம்னு போட்ட காயின் ஒண்ண எடுத்தேன், ஏத்துறேன்னேன், போட்டேன். இந்த லிகயா என்னடான்னா, சீட்டுப் போடுற பொண்ணு, ஏத்துனத எடுத்துக்காம எனக்குச் சில்லறை தள்ளுறா. நானும் அம்பதுதான் கட்டினேனாம்!

எனக்கே ரூல் சொல்றியா? பெரிய காயின் ஒண்ணப் போட்டுட்டு வாயத் தொறக்கலைன்னா, அது முன்னாடி ஆளு போட்ட அளவுக்குச் சும்மா கட்டுனதாத்தான் கணக்கு. பந்தயத்த ஏத்துனதா ஆகாது. ஊருக்குப் புதுசா வர்றவன் பண்ற தப்புப்பா அது. நீ இந்த ரீனோ கேசினோவுல வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிருந்து நான் இந்தக் காலை ஆட்டத்துக்கு வர்றேன். எத்தன டூரிஸ்ட்டு இப்படி ஒத்தக் காயினப் போட்டுட்டு முழிச்சிருக்கான், நானே சிரிச்சிருக்கேன்.

யாருக்குக் கேக்கலையாம்? பூனுக்கா? அவரையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடுறியே! காது மெஷின டிரக்குல வச்சிட்டு வர்ற ஆளு. உங்களத்தான் சொல்றேன் பூன், சிரிக்காதீங்க. பாத்தியா, இது மட்டும் கேக்குது.

லிகயா பொய் சொல்ல மாட்டா, நான் அப்படிச் சொல்லல. தங்கமான பொண்ணு. ஆனா பின்னாடி அந்தச் சூதாட்ட மெஷினெல்லாம் போடுற கூச்சல்ல அவளுக்கு எங்க கேக்கும்? என்னது? அந்த வரிசைய அணைச்சு வச்சிருக்கீங்களா? எப்பேருந்து? ...சரி, அப்ப ஏசி சத்தமா இருக்கும். ஏதோ ஒரு சத்தம்.

இடது பக்கத்து அம்மாவுக்கும் கேக்கலையாமா. எல்லாரும் சேர்ந்துட்டீங்களா, நல்லா இருக்கு.

உள்ள வர நாப்பது டாலர் குடுத்து, வெறும் ஆட்டக் காயினை வச்சு ஆடுற ஆட்டத்துக்கு ஏன் இந்தக் கிழவி இவ்வளவு மல்லுக்கட்டுறான்னு பாக்குறல்ல? காசுக்கு இல்லடா. டாக்சி ஆபீஸ்ல முப்பது வருஷம் ரேடியோவுல உக்காந்தவ நான். பனி கொட்டும், ரோடு தெரியாது, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போகணும்னு என் வாயிலேருந்துதான் வரணும். என்ன சொன்னீங்க ஆர்டித்துன்னு ஒரு டிரைவர் திருப்பிக் கேட்டதில்ல. பேசுறதுதான் என் பொழப்பு. நானா வாயத் தொறக்காம காயினப் போடுவேன்?

சரி, ஒண்ணு செய். மேல பாரு, கருப்புக் கண்ணாடிக் குண்டு. அதுக்குள்ள கேமரா இருக்கில்ல? போட்டுப் பாரு. சத்தம் பதியலைன்னா என்ன, உதடு அசையுறது தெரியும்ல? ஏத்துறேன்னு சொன்னா வாய் அசையும்ல? பாத்துட்டு வா. இந்த மேசையே மன்னிப்புக் கேக்கணும். பூன் எனக்கு ஒரு காபி வாங்கித் தரணும்.

போறியா? நெஜமாவே போறியா?

இரு. இரு ரமிரோ. வேணாம்.

இல்லப்பா, பின்வாங்கல. இங்க வா. இன்னும் கிட்ட. குனி, காதக் குடு. ரெண்டு ஏஸ். ஆமாடா, எடுத்த எடுப்புல ரெண்டு ஏஸ், இதுக்கு மேல ஒரு கை கிடையாது. ஏத்தியிருந்தா பாதிப் பேர் சீட்டப் போட்டுட்டு ஓடியிருப்பாங்க. இப்ப ஆளாளுக்கு அம்பதக் கட்டிட்டு உள்ள வருவாங்க, எவனாவது ஒருத்தன் ஒண்ணுக்கும் ஆகாத சீட்டோட வந்து என்னை அடிச்சிட்டுப் போவான். போகட்டும், அது இல்ல விஷயம்.

போன வாரம் காபிக் கடைக்குப் போனேன். வண்டியில உக்காந்தபடியே அந்தப் பெட்டிகிட்ட ஆர்டர் சொல்லுவோம்ல. சொன்னேன், பால் வேணாம், சக்கரை ரெண்டு. உள்ளேருந்து ஒரு பொண்ணு, யாராவது இருக்கீங்களான்னு கேக்குது. திரும்பச் சொன்னேன். திரும்பவும் யாராவது இருக்கீங்களாங்குது. பெட்டி ரிப்பேர்னு நெனச்சு நல்லாத் திட்டிட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஞாயித்துக்கெழம. என் தங்கச்சி நோரீன் அடுப்படியில நிக்கிறா, அவ சட்டைக் கை நெருப்புகிட்ட போகுது. நோரீன், கை, கைன்னு கத்துறேன். தொண்ட வலிக்கக் கத்துறேன் ரமிரோ. அவ சொல்றா, நீ வாயே தொறக்கல ஆர்டித், மரம் மாதிரி என்னையே பாத்துட்டு நின்னேங்குறா. அவளுக்கு முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருக்கு.

வியாழக்கெழம வரச் சொல்லியிருக்காரு டாக்டர். நோரீனுக்குத்தான் கேக்கலன்னு சொல்லலாம்னு இருந்தேன். இந்த மேசையில ஒருத்தருக்காவது கேட்டிருக்கும்னு நெனச்சேன்டா. ஒருத்தர் போதும் எனக்கு.

அதான் கேமரா வேணாங்குறேன். நீ பாத்துட்டுப் படியிறங்கி வரும்போது உன் மூஞ்சியிலயே எனக்குத் தெரிஞ்சிடும். பயமா இருக்குப்பா. வியாழக்கெழம வரைக்கும் என்னை விட்டுடு.

கண்ணத் தொடச்சுக்க, பூன் பாக்குறாரு. நான் நல்லாத்தான் இருக்கேன். சரி, நிமிரு, எல்லாரும் காத்துட்டிருக்காங்க.

லிகயா, கட்டுனதாவே வச்சுக்கம்மா. அம்பதுதான். அடுத்த ஆளக் கேளு.

ரமிரோ, போகாத, ஒரு நிமிஷம். அவ ஏன் இன்னும் சில்லறையக் கையில வச்சிக்கிட்டு என்னையே பாக்குறா? கட்டுனதா வச்சுக்கன்னு இப்ப சொன்னேன்ல? உனக்குக் கேட்டுச்சுல்ல?