பெக்டரிக்காரர் வீட்டுத் துணி

— கோவிக்க வாணாம் பூரணியக்கா, எனக்கு இன்னும் வெளங்கல்ல. துணி தொவைக்கிற மிஷின் நல்லா ஓடுது. தண்ணி ஒழுகல்ல. சத்தமும் இல்ல. நம்மட மிஷின் பாக்குற பொடியன் ஷிஹாம், கடைக்குப் பின்னால வச்சு ஒரு மணித்தியாலமாத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, புதுசு மாதிரி ஈக்குதுன்றான். பொறகு ஏன் திருப்பித் தாறீங்க?

— அதத்தான் மொதலாளி நானும் சொல்றேன். நல்லா ஓடுது. அதுதான் கஷ்டம்.

— வாப்பா காலத்துல இருந்து இந்த ஹட்டன் டவுன்ல சாமான் விக்கிறோம். ஓடல்லன்னு கொண்டு வருவாங்க. ஓடுதுன்னு கொண்டு வந்தது நீங்க ஒராள்தான்.

— கேளுங்களேன். ஆசுபத்திரியில என் மணிக்கட்ட பாத்துட்டு டொக்டர் என்ன சொன்னாரு? இனிமே துணிய முறுக்கிப் பிழியக் கூடாது, பிழிஞ்சா ஒரு வருசத்துல இந்தக் கை தேயிலக் கொழுந்து கிள்ளாதுன்னாரு. அதக் கேட்டுட்டுத்தான் மக பிரியந்தி கொழும்புல இருந்து ஓடியாந்து, ஒங்க கடையில இத எடுத்துக் குடுத்துட்டுப் போனா.

— ஞாபகம் ஈக்குது இல்லியா. அம்மாட கைக்குன்னு சொல்லித்தான் எடுத்தாங்க.

— எட்டு மாசமாச்சு. அந்த அம்மாட துணி ஒண்ணுகூட மிஷினுக்குள்ள போகல.

— ஏன், கரண்டுக்குப் பயமா?

— எனக்கென்ன பயம். எங்க வீட்டுக்காரரு போட விடமாட்டேங்கறாரு.

— வீரய்யா அண்ணனா? இப்பதான் பச்சப் புள்ளயத் தூக்குற மாதிரி சின்ன லொறியில இருந்து மிஷின எறக்கிட்டு, ஷிஹாமுக்கு நாலு புத்தி சொல்லிட்டு, பக்கத்துக் கடைக்கு பிளேன்டி குடிக்கப் போனாரு. தங்கமான மனுசனாச்சே.

— தங்கம்தான், யாரு இல்லன்னா. முப்பத்தொரு வருசம் தோட்டத்து பெக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலர ஓட்டுனவரு. பெக்டரிய மூடுனாங்க. அன்னையில இருந்து ரெண்டு வருசம் இஸ்தோப்புத் திண்ணையில ஒக்காந்து எதுத்த மலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. சாப்பிடுறீங்களான்னா 'ம்'. படுக்குறீங்களான்னா 'ம்'. நான் கொழுந்துக்குப் போறப்ப எப்படி ஒக்காந்திருந்தாரோ, திரும்பி வர்றப்பவும் அப்படியே ஒக்காந்திருப்பாரு. கோழி வந்து காலுகிட்ட படுத்துக்கும்.

— பாவம் மனுசன்.

— மிஷின் வந்து இஸ்தோப்புல எறங்குச்சு. சுத்திச் சுத்திப் பாத்தாரு. 'இதுக்கு எர்த் வயரு சரியில்ல பூரணி'ன்னாரு. ரெண்டு வருசத்துல அதுதான் அவரு வாயில இருந்து வந்த முழு வாக்கியம். எனக்கு சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு மொதலாளி. அந்த நேரம் தெரியல, இனிமே நம்ம நெலம என்னான்னு.

— என்ன செஞ்சாரு?

— மறுநா காலையில எந்திரிச்சு, பழைய பெக்டரி காக்கிச் சட்டைய போட்டுக்கிட்டாரு. எலுமிச்சங்காய நறுக்கி மிஷினுக்கு ரெண்டு பக்கமும் வச்சு, சூடம் காட்டி, ரோதமுனிய கும்பிட்டாரு. பெக்டரி மிஷினுக்கெல்லாம் காவக்கார சாமி அவருதான். கும்பிடாம சுவிச்சத் தொடமாட்டாங்க, தொட்டா கை போயிரும்னு சொல்லுவாங்க.

— நான் வித்த மிஷினுக்கா?

— ஒங்க மிஷினுக்குத்தான்.

— வாரண்டியில அப்படி ஒண்ணும் எழுதியில்லக்கா.

— அவரு வாரண்டியா பாக்குறாரு. எங்க லயத்து வரிசையில இருபது காம்பரா வீடு. யாரு துணி கொண்டாந்தாலும் போட்டுக் குடுக்குறாரு, சல்லிக்காசு வாங்குறதில்ல. சவர்க்காரத் தூள் மட்டும் அவங்கவங்க கொண்டாரணும். ஆனா மொதல்ல தராசுல போடணும். நிறுத்துட்டு ஈரத்துக்கு ஒரு கிலோ, பைக்கு அரைக் கிலோன்னு கழிச்சுட்டுத்தான் எழுதுவாரு.

— துணிக்குமா கழிவு?

— அதத்தான் பொம்பளைங்களும் கேட்டாங்க. மலையிலதான் எங்க கொழுந்துல கழிக்கிறாங்கன்னா, லயத்துலயும் கழிக்கிறதான்னு. அழகுமுத்து பொஞ்சாதி கத்துன கத்து கீழ் லயம் வரைக்கும் கேட்டுச்சு. இவரு காதுலயே போட்டுக்கல. பொறகு துணிய ரகம் பிரிப்பாரு. கல்யாணத்துக்குக் கட்டுற சேலையெல்லாம் ஒசந்த ரகம். புள்ளைங்க துணி டஸ்ட், கடைசித் தூள் ரகம். நான் கொழுந்து எடுக்கப் போறப்ப இடுப்புல கட்டுற படங்கு இருக்குல்ல, அத கழிவுத் தேயிலன்னு சொல்லி வாசலுக்கு வெளிய வச்சுட்டாரு.

— சரி, மத்தாக்கள் துணியெல்லாம் போடுறாரு. ஒங்கட துணிய ஏன் போட மாட்டாராம்?

— அது பெக்டரியாமா. பெக்டரியில வேல செய்யிறவன் ஒரு புடி தேயில வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் களவுதானாம். முப்பத்தொரு வருசம் எடுத்துட்டுப் போனதில்லையாம், இப்ப பொண்டாட்டி துணிக்காக எடுக்கணுமான்னு என்னையவே கேக்குறாரு.

— மிஷின் ஒங்க வீட்டு மிஷின் தானே?

— அதச் சொல்லிப் பாத்தேன். 'வீடுன்றது அடுப்படியோட முடிஞ்சுது, இஸ்தோப்பு பெக்டரி'ன்னுட்டாரு.

— அல்லாவே.

— இப்ப எங்க லயத்துல பீலித் தண்ணிக்குப் போயி, கல்லுல அடிச்சுத் தொவைக்கிற ஒரே பொம்பள நான்தான் மொதலாளி. என் துணி, அவரு துணி, காக்கிச் சட்ட, எல்லாம் நான்தான் பிழியிறேன். மத்தவளுகயெல்லாம் ஞாயித்துக்கெழமையில டீவி பாக்குறாளுக.

— கை நோவு இருக்குன்னு அவருக்குச் சொல்லல்லியா?

— சொன்னேனே. தைலம் தேச்சு விட்டாரு. நல்லாத்தான் தேச்சாரு.

— கோவிக்க வாணாம், ஒரு யோசன சொல்றேன். ஒங்க துணிய வேற ஆள் பையில போட்டுக் குடுங்கோ. அவருக்கு எப்படித் தெரியும்?

— செஞ்சேன். பக்கத்துக் காம்பரா மீனம்மா பைக்குள்ள ஒளிச்சு விட்டேன். அவரு இடுப்புல கட்டுற சாரத்த அவருக்குத் தெரியாதா? எடுத்து நாலா மடிச்சு என்கிட்டயே குடுத்துட்டாரு. பாவம் மீனம்மாவுக்கு ஒரு கெழம வேல நிப்பாட்டு.

— நிப்பாட்டுன்னா?

— துணி எடுக்க மாட்டாரு. அவ கண்ணுல தண்ணியோட பீலிக்கு வந்தா. அந்த ஒரு கெழம எனக்குத் தொணையா இருந்துச்சு.

— நம்ம வீட்டுக் கதையக் கேளுங்கோ. பொஞ்சாதி பௌசியாவுக்குக் கடையிலயே நல்ல மிஷினாப் பாத்துக் குடுத்தேன். அவ என்ன செய்றா? துணிய ஊறப்போட்டு, கொலர கையால கசக்கி, அலசிட்டுப் பொறகுதான் மிஷின்ல போடுறா. ஏன்னு கேட்டா, மிஷின் அழுக்காவப் படாதாம்.

— அவங்க சுத்தக்காரங்க.

— அப்ப இன்னொரு சின்ன மிஷின் எடுங்கோவன். ஒங்களுக்குத் தனியா. வெலைய நான் பாத்துப் போடுறேன்.

— பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல எங்க வைக்கிறது? வச்சாலும் அதையும் ரெண்டாம் நம்பர் ரோத மிஷின்னு சொல்லி ஓட்டிருவாரு.

— அப்படின்னா திருப்பி எடுக்கிறத விட வேற வழியில்ல. சரி, எடுக்கிறேன். அண்ணனுக்கு நீங்களே சொல்லிடுங்கோ.

— அதுதான் முடியாது. அவருகிட்ட சர்வீசுக்குன்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன். பெக்டரியில வருசத்துக்கு ஒருக்கா சர்வீசு பண்ணுவாங்கன்னு அவரும் சந்தோசமா வந்தாரு. நீங்கதான் சொல்லணும். மோட்டரு எரிஞ்சுபோச்சு, சரிக்கட்ட முடியாதுன்னு சொல்லணும்.

— என்னக்கா, நல்ல மிஷின கெட்டுப்போச்சுன்னு நான் எப்படிப் பொய் சொல்ற? இது வாப்பா பேர் போட்ட கடை.

— கேளுங்களேன். நான் நிப்பாட்டுனேன்னு இருக்கக் கூடாது மொதலாளி. ஒருக்கா கம்பெனிக்காரன் அவரு வேலைய புடுங்குனான். இந்த வாட்டி பொண்டாட்டி புடுங்குனான்னு ஆயிட்டா அந்த மனுசன் தாங்கமாட்டாரு. மிஷின் தானா செத்ததா இருக்கணும். யார் மேலயும் குத்தம் இல்லாம.

— பொறகு அவர் என்ன செய்வாரு?

— மலையத்தான் பாப்பாரு. எனக்கு மட்டும் என்ன ஆசையா? எட்டு மாசமா அந்த மூஞ்சியில சிரிப்ப பாக்குறேன். ஆனா இந்தக் கை இன்னும் எட்டு வருசம் கொழுந்து எடுத்தாகணும். ரெண்டு பேருக்கும் சோறு இதுலதான் இருக்கு. மிஷின் காசு திரும்பி வந்தா, அதக் குடுத்து மீனம்மாவ பிழிஞ்சு தரச் சொல்லுவேன். போன கெழம வாளியத் தூக்குறேன், கையில இருந்து நழுவிப் போகுது. புடிக்கிறேன்னுதான் நெனைக்கிறேன், வெரல் புடிக்கல.

— சரிக்கா. அழ வாணாம்.

— அழலையே.

— அண்ணன் வாறாரு. கண்ணத் தொடச்சுக்கோங்கோ.

— சர்வீசு முடிஞ்சிருச்சுங்களா மொதலாளி? பெல்ட்ட கொஞ்சம் இறுக்கச் சொன்னேன் அந்தத் தம்பிய.

— வீரய்யா அண்ணே, இப்படி ஒக்காருங்கோ. இந்தக் கதிரையில.

— இருக்கட்டுங்க, நின்னுக்கிறேன்.

— இல்லண்ணே, ஒக்காருங்கோ. கோவிக்க வாணாம். ஷிஹாம் தொறந்து பாத்துட்டான். மோட்டர் எரிஞ்சு ஈக்குது. சரிக்கட்ட ஏலாது. நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிப் போடுறேன், ஒங்களுக்கு ஒரு நட்டமும் வராது.

— மோட்டரா.

— மெய்தான்.

— நேத்து சாயங்காலம் நாலு தடவ போட்டேன். நல்லா ஓடுச்சுங்களே. எரிஞ்ச வாட வரல.

— சிலது வாட இல்லாம எரியும்ணே.

— சரிங்க.

— என்னங்க, மொதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும். மிஷினுன்னா ஒரு நாள் போறதுதானே. நீங்க என்ன செய்வீங்க, ஒங்க மேல என்ன குத்தம்?

— சரி பூரணி. நான் ஒண்ணும் கேக்கலையே.

— வேணும்னா அண்ணனுக்கு இன்னொரு பிளேன்டி எடுப்பிக்கட்டா?

— வேணாங்க. பெக்டரிய மூடுன அன்னைக்கும் தோட்டத்துத் தொர என்னைய ஆபீசுக்குக் கூப்பிட்டு, இதே மாதிரி ஒரு கதிரையில ஒக்கார வச்சு, டீ குடுத்து, ரோலர் மோட்டரு எரிஞ்சுபோச்சு வீரய்யா, சரிக்கட்ட முடியாதுன்னாரு. அதுக்கு முந்துன நாள் வரைக்கும் நான் ஓட்டுன மோட்டருங்க அது, நூலளவு கொறையில்ல. அவரு மூஞ்சிய பாத்தேன், பாவமா இருந்துச்சு, ஒண்ணும் கேக்காம காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். இதுக்கு எந்த எடத்துல போடணும்னு சொல்லு பூரணி, போட்டுர்றேன்.