வேண்டுதல் வைக்காத கண்

எனக்கு முட்டை பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தக் கவிச்சி வாடை பட்டாலே குமட்டும். அப்படிப்பட்டவன் அடைக்கு வைத்த முட்டைகளை உடைத்து, பாதி உருவான குஞ்சுகளை அம்மியில் வைத்து அரைத்தேன் என்றால், எதற்காக என்று நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்லாம் என் மனைவி நாச்சியம்மைக்காகத்தான்.

மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் வெடித்த பட்டாசு அவளுடைய இடது கண்ணைக் கெடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டு, குழியில் ஒரு கண்ணாடி உருண்டையை வைத்துத் தைத்தார்கள். உடம்பு அதை ஏற்கவில்லை. சீழ் வைத்து, தையல் பிரிந்து, ஒருநாள் உருண்டை சோற்றுத் தட்டிலேயே விழுந்தது. அதன்பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

நான் டிரஸ்ஸர். பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் புண் கழுவியே நரைத்தவன். வழுவழுப்பான உருண்டையைச் சதை பிடிக்காது. ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும். உஜோங் பாசிர் மீனவர்கள் தீவுப் பக்கமிருந்து கொண்டுவரும் பவளக்கல்லில் ஊசிமுனை ஓட்டைகள் நிறைய. ஒன்றை உருண்டையாகத் தேய்த்து, வேகவைத்து, குஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டேன். வளரும் கருவின் சாறு சதையை வளர்க்கும் என்று தோட்டத்து டாக்டர் சொல்லக் கேட்டிருந்தேன். வீட்டிலேயே குளோரோஃபார்ம் கொடுத்து, குழிக்குள் வைத்துத் தைத்தேன்.

பிடித்துக்கொண்டது, ஐயா. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. இளஞ்சிவப்புச் சதை கல்லுக்குள்ளேயே இறங்கிவிட்டது. மேலே கண்ணாடிக் கண்ணை மாட்டியதும், வலது கண் திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பியது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? காஜா பெராங் அம்மன் கோவிலுக்குப் போய், வெள்ளியில் கண்மலர் சாத்திவிட்டு வந்தாள். முன்பே வேண்டிக்கொண்டிருந்தாளாம்.

"அம்மன்தாங்க தோலோங் பண்ணிச்சு," என்றாள். மலாக்கா செட்டி வீட்டுப் பெண். அவள் தமிழில் பாதி மலாய்தான்; தோலோங் என்றால் உதவி.

"அப்போ நான்?"

"நீங்க கல்லு வெச்சீங்க. சதைய வளர வெச்சது அம்மன் லா."

தெரு முழுக்க இதையே சொன்னாள். அவளுடைய சின்னம்மா வடிவாம்பாள் என்னிடமே, "மாப்பிள்ளை, நீங்களும் ஒரு தேங்கா ஒடச்சிடுங்க," என்றாள். அந்தக் கருமத்தை அரைத்தவன் நான். நகக்கண்ணில் ஏறிய நாற்றம் எனக்கு, நல்ல பெயர் அம்மனுக்கா?

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. சந்தேகம்தான். அம்மனா, சாறா? வேண்டுதலும் சாறும் ஒரே குழியில் கலந்துவிட்டனவே, எப்படிப் பிரித்துச் சொல்வது? வேண்டுதல் வைக்காத இன்னொரு குழி வேண்டியிருந்தது. அதனால்தான் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் உடனே வேண்டிக்கொள்வாள்.

தையலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். நம்பிப் படுத்தாள். வலது கண் நல்ல கண்தான், அதை உங்களிடம் மறைக்கவில்லை. வெளியே எடுத்துத் தட்டில் வைத்தபோது வழவழவென்று உருண்டு என்னையே பார்த்தது. அருவருப்பாக இருந்தது. சாக்கடையில் கொட்டிவிட்டுக் கையை டெட்டால் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பிறகு அதே சாற்றில் ஊறிய இன்னொரு கல்லை வைத்தேன்.

அதுவும் பிடித்துக்கொண்டது. எந்த வேண்டுதலும் இல்லாமல்.

வடிவாம்பாள் உங்களிடம் ஓடிவந்ததில் எனக்கு வருத்தமில்லை. நாச்சியம்மைதான் வருத்துகிறாள். நான் ஊட்டினால் துப்புகிறாள். என் கையில் முட்டை வாடை அடிக்கிறதாம். இன்னமும் அம்மனைத்தான் கூப்பிட்டு அழுகிறாள். இரண்டு கண்ணும் எவ்வளவு அழகாகச் சேர்ந்து திரும்புகின்றன என்று நீங்களே வந்து பாருங்கள். முகக்கண்ணாடி முன் அவளைத் தினமும் உட்காரவைக்கிறேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், வளர வைத்தது நான்தான் என்று அவளே ஒப்புக்கொள்வாள்.